கடல் பார்த்துக்கொள்ளுமா? வடதுருவப் பனியும் கரியமில வாயுவும்

உலகம் சூடாகிறது, வடதுருவத்தில் பனி உருகுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தக் கதைக்குள்ளே ஒரு துணைக்கதை இருக்கிறது. அது அவ்வளவாக வெளியே வருவதில்லை. பனி உருகுவதால் ஒரு நல்லதும் நடக்கும் என்று விஞ்ஞானிகளில் சிலர் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

கணக்கு ரொம்ப எளிமையானது. கடல் காற்றிலிருந்து கரியமில வாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, உறிஞ்சுகிறது. மனிதன் ஒவ்வொரு வருடமும் வெளியே விடும் வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த நீர் இன்னும் அதிகமாக வாங்கும். கோலி சோடாவை வெயிலில் வைத்துத் திறந்தால் வாயு பொங்கி வெளியேறுகிறது, ஐஸில் வைத்துத் திறந்தால் அடங்கி இருக்கிறது இல்லையா? அதே விஷயம்தான். 20 டிகிரி நீரைவிட 0 டிகிரி நீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் உலகத்திலேயே குளிர்ந்த கடல்களில் ஒன்றான வடதுருவக் கடல் நிறைய உறிஞ்ச வேண்டும். ஆனால் அதன்மேல் பனி மூடியிருக்கிறது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. மூடியை எடுத்துவிட்டால்? கடல் உறிஞ்ச ஆரம்பிக்கும், காற்றில் வாயு குறையும், சூடும் குறையும். நோயே மருந்தைக் கொண்டுவரும்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை நம்பலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நூறு வருடத்துக்கும் மேலே பின்னால் போக வேண்டும்.

பனிக்குள் மாட்டிக்கொள்ளக் கட்டிய கப்பல்

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே பேசுவது கடல் பனியைப் பற்றி. மலைமேல் இருக்கும் பனிப்பாறை வேறு, கடல்நீரே உறைந்து மிதக்கும் பனி வேறு. வடதுருவத்தில் நிலம் கிடையாது. அங்கே இருப்பது கடல். அதன்மேல் சில மீட்டர் கனத்துக்கு உறைந்த நீர் மிதக்கிறது.

இந்த விஷயம்கூட 1890கள் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. துருவத்தில் நிலம் இருக்கலாம், ஆழமில்லாத கடல் இருக்கலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1881இல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அந்தக் கப்பலின் பொருள்கள் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன. எங்கே சைபீரியா, எங்கே கிரீன்லாந்து! அப்படியானால் பனி நகர்கிறது என்று அர்த்தம். நார்வேக்காரரான ஃப்ரிட்யோஃப் நான்சென் இதைப் பிடித்துக்கொண்டார். பனியில் நசுங்காத கப்பல் ஒன்றைக் கட்டி, வேண்டுமென்றே பனிக்குள் மாட்டிக்கொண்டால், பனியே துருவம் வழியாக இழுத்துக்கொண்டு போகும் என்றார். பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள்.

1893இல் ஃப்ராம் என்ற அந்தக் கப்பல் 13 பேரோடு கிளம்பியது. ஃப்ராம் என்றால் நார்வே மொழியில் முன்னோக்கி என்று பொருள். அதன் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனி நெருக்கினால் கப்பல் நசுங்காமல் மேலே எழும்பிவிடும். மூன்று வருடம் பனியோடு பனியாக மிதந்து, 1896 ஆகஸ்டில் மறுபக்கம் வெளியே வந்தது. இடையில் நான்செனும் யோஹான்சென் என்ற தோழரும் கப்பலை விட்டு இறங்கி 86 டிகிரி 14 நிமிட வடக்கு வரை போனார்கள். அதுவரை மனிதன் போன மிக வடக்கான இடம் அதுதான்.

எல்லோரும் அந்தச் சாகசத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம், கப்பலில் இருந்தவர்கள் சலிக்காமல் ஆழம் அளந்ததும் நீரை எடுத்துப் பார்த்ததும்தான். கடல் 3000 மீட்டருக்கும் மேல் ஆழம் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. மேலே இருந்த நீர் குளிர்ச்சியாகவும் உப்புக் குறைவாகவும் இருந்தது. சில நூறு மீட்டர் கீழே போனால் நீர் சூடாகவும் உப்பு அதிகமாகவும் இருந்தது. அது அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த நீர். உப்பு குறைந்த நீர் லேசானது, அதனால் மேலே மிதக்கிறது. கீழே இருப்பது கனமானது. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் லேசில் கலப்பதில்லை.

இந்த இரண்டு அடுக்குகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து ஒரு பெரிய நம்பிக்கை உடைந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

முதல் ஏமாற்றம்

ஃப்ராம் திரும்பிய அதே 1896இல், பக்கத்து நாடான ஸ்வீடனில் ஸ்வாந்தே அரேனியஸ் என்ற வேதியியல் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்ட கட்டுரை அது. ஆனால் அவர் பயப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் கடல். நிலக்கரி எரித்து வெளியே விடும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் எடுத்துக்கொண்டுவிடும் என்று பின்னால் ஒரு நூலில் எழுதினார். அந்தக் காலத்தில் பலருடைய எண்ணமும் அதுதான். கடல் எவ்வளவு பெரியது, அதற்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த நம்பிக்கை ஓடியது. 1957இல் கலிபோர்னியாவில் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் இருவரும் இதை உடைத்தார்கள். கடல்நீரில் வாயு வெறுமனே கரைந்து உட்காருவதில்லை. நீரில் இருக்கும் கார்பனேட் என்ற பொருளோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. அப்படி மாறுவதால்தான் கடலால் இவ்வளவு வாங்க முடிகிறது. ஆனால் கார்பனேட்டுக்கு ஒரு அளவு உண்டு. அது தீரத் தீர, கடல் வாங்குவதும் குறையும். காற்றில் வாயு 10 சதவீதம் கூடினால், கடலின் மேல்நீரில் கரைந்திருக்கும் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கூடும். பத்துக்கு ஒன்று!

இன்றைக்கு இதற்கு ரெவெல் எண் என்றே பெயர். ஒரு கிட்டங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாசல் சிறியதாக இருந்தால் லாரிகள் வெளியேதான் வரிசையில் நிற்கும். கடலின் கதையும் அப்படித்தான். ஆழ்கடலில் இடம் ஏராளம். ஆனால் எல்லாம் மேல்நீர் என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்த வருடம், 1958 மார்ச்சில், அதே ஸ்க்ரிப்ஸைச் சேர்ந்த சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயித் தீவின் மவுனா லோவா எரிமலைமேல் காற்றை அளக்கத் தொடங்கினார். முதல் வருடங்களில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. 2013இல் ஒருநாள் அளவு முதல்முறையாக 400ஐத் தொட்டது. 2024இல் வருட சராசரியே 420ஐத் தாண்டிவிட்டது. கடல் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர்களுக்கு அந்த வரைபடமே பதில்.

மூடியில் ஓட்டை

இப்போது பனிக்கு வருவோம். விஞ்ஞானிகள் கணக்குப் போடும்போது ரொம்ப காலம் கடல் பனியை ஒரு மூடியாகத்தான் வைத்துக்கொண்டார்கள். பனி இருக்கும் இடத்தில் வாயுப் போக்குவரத்து பூஜ்யம். கணக்குக்கு வசதி, அவ்வளவுதான்.

1976இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் கடல் பனி வழியாக வாயு ஊடுருவுகிறது என்று காட்டினார்கள். கடல் பனி கண்ணாடி மாதிரி கெட்டியானது இல்லை. கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்குள் அடங்காது, வெளியே தள்ளப்படும். அந்த உப்புநீர் பனிக்குள்ளே மெல்லிய குழாய்களாகத் தங்கும். பனி ரொம்பக் குளிராமல் இருக்கும்போது அந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பனியைக் கிட்டத்தட்ட ஒரு பஞ்சாக்கிவிடும். ஆனாலும் மூடி என்ற எண்ணம் லேசில் போகவில்லை. அந்த ஆய்வு வந்து பல வருடங்களுக்குப் பிறகும் கணக்குகளில் பூஜ்யம்தான் இருந்தது.

பனியே ஒரு பம்பு போல வேலை செய்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. உறையும்போது வெளியே தள்ளப்படும் உப்புநீர் கனமானது. அது கீழே இறங்கும்போது கரைந்த கரியமில வாயுவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த சோரென் ரிஸ்கார்டும் அவர் குழுவும் 2007இல் இதைப் பற்றி எழுதினார்கள். 2008இல் ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் டீக்மன் குழு அண்டார்டிகக் கடல் பனிக்குள் இகைட் என்ற சுண்ணாம்புப் படிகம் உருவாகிறது என்று கண்டுபிடித்தது. கிரீன்லாந்தின் இக்கா என்ற கடற்கழியில் முதலில் அறியப்பட்டதால் இந்தப் பெயர். குளிரில் மட்டும் நிலைக்கும், சூடு பட்டால் சிதைந்துவிடும் படிகம் இது. கோடையில் பனி உருகும்போது இதுவும் கரைந்து, மேல்நீர் வாயுவை வாங்குவதற்கு உதவி செய்கிறது.

ஆக, மூடி என்று நினைத்தது வெறும் மூடி இல்லை. மூடியைத் தூக்கி எறிந்தால் பம்பும் பாதிக்கப்படும்.

பனி குறைந்த வருடங்கள்

1978 அக்டோபரில் நிம்பஸ் 7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மேகம் இருந்தாலும் இருட்டாக இருந்தாலும் பனியைப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. அன்றிலிருந்து தொடர்ச்சியான கணக்கு இருக்கிறது. வடதுருவப் பனி வருடத்தில் மிகக் குறைவாக இருக்கும் மாதம் செப்டம்பர். 1979 செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2007இல் அது திடீரென்று சுமார் 42 லட்சமாகச் சரிந்தது. 2012இல் சுமார் 34 லட்சம். இந்தியாவின் மொத்தப் பரப்பளவு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஒரு இந்தியா, 1979ஐவிடக் குறைந்தது ஒரு இந்தியாவைவிடக் கொஞ்சம் கூட!

இந்தச் சரிவுக்கு நடுவில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. பெர்முடாவின் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த நிக்கலஸ் பேட்ஸ் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே இருக்கும் சுக்ச்சிக் கடலில் எடுத்த அளவுகள் அதற்கு ஆதாரம். பனி விலகியதால் வடதுருவக் கடல் உறிஞ்சும் கார்பன் முப்பது வருடத்தில் சுமார் மூன்று மடங்கு ஆகியிருக்கிறது என்று அவர் கணித்தார். வருடத்துக்கு 2.4 கோடி டன்னாக இருந்தது 6.6 கோடி டன். பனி மேலும் உருகினால் இது மேலும் கூடும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சுக்ச்சிக் கடலில் அது உண்மை. அந்தக் கடல் ஆழமில்லாதது, சராசரியாக 50 மீட்டர்தான். பெரிங் ஜலசந்தி வழியாக பசிபிக் நீர் உள்ளே வருகிறது, வரும்போதே சத்துப் பொருள்களை அள்ளிக்கொண்டு வருகிறது. பனி விலகி வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. செடிகளைப் போலவே அவையும் கரியமில வாயுவைத் தின்றுதான் வளர்கின்றன. நீரில் வாயு குறைகிறது, உடனே காற்றிலிருந்து உள்ளே வருகிறது. 2011இல் இதே கடலில் கெவின் அரிகோ தலைமையில் போன அமெரிக்கக் குழு பனிக்கு அடியிலேயே பெரும் பாசிப் பெருக்கத்தைக் கண்டு அசந்துபோனது. பனி மெலிந்து, அதன்மேல் உருகிய நீர் குட்டை குட்டையாக நின்றதால், வெளிச்சம் ஜன்னல் வழியாக வருவதுபோல் கீழே இறங்கியிருந்தது.

கேள்வி வேறு. சுக்ச்சிக் கடலின் கணக்கை முழு வடதுருவக் கடலுக்கும் எழுத முடியுமா?

பனி டிராகன் கொண்டுவந்த செய்தி

2008 கோடையில் சீனாவின் பனி உடைக்கும் கப்பலான ஷுவே லோங் வடக்கே போனது. சீன மொழியில் இந்தப் பெயருக்குப் பனி டிராகன் என்று பொருள். முந்தைய வருடம்தான் பனி வரலாறு காணாத அளவுக்குச் சரிந்திருந்தது. அதனால் அதுவரை கப்பல்கள் எளிதில் போக முடியாத கனடா படுகைக்குள் இந்தக் கப்பல் போக முடிந்தது. சுக்ச்சிக் கடலைத் தாண்டி, 3000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள நடுக்கடல் அது. மூடி நிஜமாகவே திறந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வெய் ஜுன் சாய் தலைமையில் அந்த அளவுகளை ஆராய்ந்து 2010இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது. பனி விலகிய நடுக்கடல் வாயுவை வாங்கத்தான் செய்தது. ஆனால் சீக்கிரமே நிரம்பிவிட்டது. மேல்நீரில் இருந்த வாயு அழுத்தம் காற்றின் அழுத்தத்தை நெருங்கியிருந்தது. வாயு எப்போதும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். இரண்டும் சமமானால் கதவு திறந்திருந்தும் யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

ஏன் இப்படி? பதில் நான்சென் கண்ட அந்த இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. பனி உருகினால் வருவது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். அது ஏற்கனவே லேசாக இருக்கும் மேலடுக்கை இன்னும் லேசாக்குகிறது. மேலடுக்கு மெலிந்து, கீழே இருப்பதோடு கலப்பது இன்னும் கஷ்டமாகிறது. வாயு வாங்குவதெல்லாம் அந்த மெல்லிய தோல் மாதிரி இருக்கும் நீர் மட்டும்தான். கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது.

இரண்டாவது காரணம், சத்து. கலக்கவில்லை என்றால் கீழே இருக்கும் சத்துப் பொருள்கள் மேலே வராது. மேலே இருப்பதைத் தின்று தீர்த்த பிறகு பாசிகள் வளராது. வெயில் இருந்தும் பயிர் இல்லை, உரம் தீர்ந்துபோன வயல் மாதிரி. மூன்றாவது காரணம், சூடு. பனி போனதும் கருநீர் வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான நீர் வாயுவை வைத்துக்கொள்ளாது.

பணத்தின் மொழியில் சொன்னால் விஷயம் தெளிவாகும். பனிக்கு அடியில் இருந்த நீரில் வாயு குறைவாக இருந்தது உண்மை. மூடி திறந்ததும் அது நிரம்பியது. அது ஒருமுறை வரும் வரவு. பழைய பீரோவை விற்றால் வரும் காசு மாதிரி. அதை மாதச் சம்பளம் என்று நினைத்து வருடா வருடம் வரவில் எழுதிக்கொண்டே போனால் கணக்கு எங்கே போய் முடியும்?

வேறொரு குழு கனடா படுகையில் மறுபடியும் அளந்து அதே போக்கைக் கண்டது, அந்த ஆய்வு 2013இல் வெளியானது. 2020இல் சாயும் மற்றவர்களும் சேர்ந்து 1994 முதல் 2017 வரையிலான கோடைக்கால அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கனடா படுகையின் மேல்நீரில் வாயு, காற்றில் கூடும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் கூடிக்கொண்டிருந்தது. சுக்ச்சிக் கடலில் அப்படிக் கூடவில்லை, அது தொடர்ந்து நன்றாக உறிஞ்சியது. ஒரே கடலில் இரண்டு கணக்கு. பேட்ஸும் சரி, சாயும் சரி. சுக்ச்சியைப் பார்த்து முழுக் கடலுக்கும் ஆசைப்பட்டதுதான் சரியில்லை.

வாங்கியதற்கு விலை

உறிஞ்சியது கொஞ்சமோ நிறையவோ, கடல் அதைச் சும்மா வாங்கவில்லை. கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலம் உண்டாகும். கார்பனேட் குறையும் என்று ரெவெல் காலத்திலேயே பார்த்தோம். சிப்பிகளும், கடல் பட்டாம்பூச்சி என்று அழைக்கப்படும் மிதக்கும் சின்ன நத்தைகளும் அந்தக் கார்பனேட்டை எடுத்துத்தான் ஓடு கட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, பனி உருகி வரும் நீர் இருக்கும் கார்பனேட்டையும் நீர்த்துப்போகச் செய்கிறது. மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போன மாதிரி.

2009இல் ஜப்பானிய விஞ்ஞானி மிச்சியோ யமமோட்டோ கவாயும் அவர் குழுவும் ஒரு விஷயத்தை அறிவித்தார்கள். 2008இல் கனடா படுகையின் மேல்நீரில், ஓடுகள் செய்யப்பட்டிருக்கும் ஒருவகைச் சுண்ணாம்பு கரையத் தொடங்கும் நிலை வந்துவிட்டது. பனி உருகியதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, மேற்கு வடதுருவக் கடலில் அமிலத்தன்மை மற்றக் கடல்களைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கூடுகிறது என்றது. சுக்ச்சிக் கடலின் அடியில் இருக்கும் சிப்பிகளைத்தான் வால்ரஸ் தின்கிறது. அந்த வால்ரஸை அலாஸ்காக் கரையில் வாழும் இன்யூபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்கிறார்கள். கடல் நமக்காக வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு டன்னுக்கும் யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து விலை போகிறது.

தெற்கே மூடி வேறு மாதிரி

வடக்கே மூடி திறந்தால் வாயு உள்ளே போகும் என்று ஆசைப்பட்டார்கள். தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றி என்ன நடக்கும்? அங்கே ஆழ்கடலின் பழைய நீர் மேலே வருகிறது. அதில் ஏற்கனவே நிறையக் கார்பன் சேர்ந்திருக்கிறது.

2000இல் பிரிட்டன் ஸ்டீவன்ஸும் ரால்ஃப் கீலிங்கும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இந்த ரால்ஃப், எரிமலைமேல் காற்றை அளந்த அதே சார்லஸ் கீலிங்கின் மகன்! பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180, 190 பங்குதான் இருந்தது. பனியுகம் முடிந்ததும் 280 அளவுக்கு ஏறியது. ஏன்? பனியுகத்தில் அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல் பனி நிறைய இருந்தது. ஆழத்திலிருந்து வந்த வாயு வெளியே போக முடியாமல் அது மூடியாக நின்றிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அது மட்டுமே காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் புரிகிறது. மூடி இரண்டு பக்கமும் வேலை செய்யும். வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் வைக்கும், உள்ளே இருப்பதை வெளியே விடாமலும் வைக்கும். அண்டார்டிகக் கடல் பனி 2016 முதல் பல வருடங்கள் வழக்கத்தைவிடக் குறைந்தது. 2023இல் குளிர்காலத்தின் உச்சத்தில்கூட செயற்கைக்கோள் காலத்திலேயே மிகக் குறைவாக இருந்தது. அதனால்தான் தெற்கே விஞ்ஞானிகள் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள்.

கடைசியில் கணக்கு

வடதுருவக் கடல் உலகக் கடல் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. ஆனாலும் சுற்றியிருக்கும் கடல்களையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 18 கோடி டன் கார்பனை உறிஞ்சுகிறது என்று 2018இல் ஒரு ஜப்பானியக் குழு கணித்தது. அளவுக்கு மீறிய உழைப்புதான். ஆனால் உலகம் வருடத்துக்கு வெளியே விடும் கார்பன் 1000 கோடி டன்னுக்கும் மேல். வடதுருவக் கடல் இரண்டு மடங்கு உழைத்தாலும் அந்த மலைக்கு முன்னால் அது மடு. அதே சமயம் பனி போனதால் வரும் செலவு பெரிது. பனி படர்ந்த கடல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். திறந்த கடல் அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிடும். வரவு ஒருமுறை, செலவு ஒவ்வொரு கோடையிலும்.

2019 செப்டம்பரில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பல் நான்சென் செய்ததையே மறுபடியும் செய்தது. வேண்டுமென்றே பனிக்குள் மாட்டிக்கொண்டு சுமார் ஒரு வருடம் மிதந்தது. 20 நாடுகளின் விஞ்ஞானிகள் மாறி மாறித் தங்கி, குளிர்கால இருட்டில்கூட பனிக்கும் காற்றுக்கும் இடையே போய்வரும் வாயுவை அளந்தார்கள். பனி மூடியா, பஞ்சா, பம்பா என்ற கேள்விக்கு மாதத்துக்கு மாதம் பதில் மாறுகிறது என்பதால்தான் ஒரு முழு வருடமும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் கடல் பார்த்துக்கொள்ளும் என்று மனிதன் இரண்டு முறை நம்பினான். முதல் முறை அரேனியஸ் காலத்தில், கடலின் அளவைப் பார்த்து. அதை 1957இல் வேதியியல் உடைத்தது. இரண்டாம் முறை பனி உருகும்போது, கடலின் குளிர்ச்சியைப் பார்த்து. அதை 2010இல் அளவுகள் உடைத்தன. இரண்டு முறையும் இடம் இல்லாமல் போகவில்லை. வாசல்தான் சிறியதாக இருந்தது.

இது வெறும் விஞ்ஞானச் சண்டை இல்லை. இன்னும் எவ்வளவு நிலக்கரி, பெட்ரோல் எரிக்கலாம் என்று அரசாங்கங்கள் கணக்குப் போடும்போது, இயற்கை எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி. அந்த வரியில் வராத வரவை எழுதினால், கடன் அடுத்த தலைமுறையின் தலையில்தான் விழும். கடல் இதுவரை நமக்குச் செய்தது பெரிய உதவி. ஆனால் எந்தக் கிட்டங்கிக்காரரும் வாசல் வரை வந்த சரக்கைத்தான் எண்ணி வாங்குவார். அளவைக் குறைக்க வேண்டியது சரக்கை அனுப்புகிறவர்தான்.